ஒற்றைக்கண் கெண்டை

அதே மீன் நாலாவது தடவையாகத் தூண்டிலில் மாட்டியபோது லிஃப்ட்காரனுக்கு வந்தது சந்தேகம் இல்லை, பெருமை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போகப் போக அவன் மேல் பரிதாபம் வந்து இந்த விஷயம் மறந்துபோய்விடும்.

"அத்தான், வலையக் கொண்டாங்க! நம்ம ஒத்தக்கண்ணன்!" என்று படகே ஆடும்படி கத்தினான்.

அத்தான் கைவலையை நீட்டி மீனை அள்ளினார். நல்ல கெண்டை. கைக்குழந்தை கனம். இடது கண் இருக்கவேண்டிய இடத்தில் சட்டைப் பொத்தான் மாதிரி வெள்ளையாக ஒரு வட்டம். அதுவேதான். முதல் கோப்பை வாங்கித் தந்த மீன். இடையில் ஒரு வருடம் மட்டும் ஆளைக் காணோம். மற்றபடி வருடம் தவறாமல் போட்டி அன்றைக்கு வந்து இவன் தூண்டிலைத்தான் கவ்வுகிறது.

"பாத்தீங்களா? இவ்வளவு பெரிய ஏரி. இத்தனை படகு. என்னைத் தேடிக்கிட்டு வருது அத்தான். போன ஜென்மத்துத் தொடர்பு."

"போன ஜென்மத்துல உன் பொண்டாட்டியா இருந்திருக்கும்" என்று அத்தான் மீனைப் படகுத் தொட்டிக்குள் இறக்கினார். "ஒரு கண்ணோட தப்பிச்சோம்னு இந்த ஜென்மத்துல மீனாப் பொறந்திருக்கு."

லிஃப்ட்காரன் கல்யாணம் ஆகாதவன். இந்தக் கிண்டலை வேறு யார் செய்திருந்தாலும் அவனுக்கு முகம் சுண்டிப்போயிருக்கும். அத்தான் சொன்னதால் விழுந்து விழுந்து சிரித்தான். தொட்டியில் ஐந்து மீன் சேர்ந்துவிட்டது. போட்டிக்கு ஐந்துதான் கணக்கு. இனி கரைக்குப் போய் நிறுத்துக்காட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஊரில் தூண்டில் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை ஏரியில் போட்டி நடத்தும். படகுக்கு இரண்டு பேர். ஐந்து கெண்டை. மொத்த எடை யாருக்கு அதிகமோ அவர்களுக்குக் கோப்பை. மீன் உயிரோடு வரவேண்டும், செத்த மீனுக்கு எடை கிடையாது. நிறுத்து முடிந்ததும் எல்லா மீனையும் ஒரு பெரிய தொட்டிப் படகில் ஏற்றி நடு ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அந்தத் தொட்டிப் படகை ஓட்டுகிறவர் அத்தான். கூலி வாங்காமல் ஓட்டுகிறார். மற்றவர்கள் கோப்பையும் கையுமாக விருந்துக்கு உட்கார்ந்துவிட்ட பிறகும், பசியோடு போய் வாயில்லாப் பிராணிகளைத் தண்ணீரில் சேர்த்துவிட்டு வருகிற உத்தமர் என்று சங்கத் தலைவர் மேடையிலேயே ஒருமுறை கண் கலங்கியிருக்கிறார்.

அத்தானுக்குப் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் பட்டறை. கோப்பைகள் வர ஆரம்பித்த பிறகு பட்டறை கொடிகட்டிப் பறக்கிறது. சாம்பியன் கையால் இன்ஜினைத் தொட்டால் மீன் தானாக வரும் என்று நம்புகிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள் போலிருக்கிறது. ஆனால் சாம்பியன் என்று ஊர் சொன்னது அத்தானை மட்டும் இல்லை, அதிகமாக மைத்துனனைத்தான். படகும் இன்ஜினும் அவருடையது, தூண்டில் போடுகிற கை இவனுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கக் கட்டடத்தில் இவன் வகுப்பே எடுத்தான். தண்ணீரை எப்படிப் படிப்பது, காற்று திரும்பினால் கெண்டை எந்தப் பக்கம் ஒதுங்கும், நிழல் நீளும்போது இரையை எவ்வளவு ஆழத்தில் நிறுத்துவது. வங்கி அதிகாரியிலிருந்து பல் டாக்டர் வரை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவன் எப்போதும் போகிற இடம் ஒன்றுதான். ஏரியின் கிழக்குக் கரையில், பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்குள் நிற்கிற ஒரு குறுகிய வளைவு. உள்ளே போகிற வாய் ஒரு லாரி அகலம்தான் இருக்கும். ஒரு படகு வளைவுக்குள் நங்கூரம் போட்டுவிட்டால் இன்னொரு படகு உள்ளே வரக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அத்தானின் இன்ஜினை முந்திக்கொண்டு அங்கே போக யாராலும் முடிந்ததில்லை. "அந்த வளைவுல என்ன இருக்கு?" என்று வகுப்பில் கேட்பார்கள். "வளைவுல ஒண்ணுமில்ல சார். வளைவைப் படிக்கத் தெரியணும்" என்பான் லிஃப்ட்காரன். சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பான். அந்த நிமிஷம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்.

மனுஷனுக்கு வேறு என்ன இருந்தது? பகல் முழுக்க அடுக்குமாடிகளின் லிஃப்ட் குழிக்குள் கிரீஸும் கையுமாக வேலை. சாயந்திரம் அக்கா வீட்டு மாடியில் ஒரு அறை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஓட்டலில் அவன் பராமரித்த லிஃப்ட் அறுந்து விழுந்து, உள்ளே இருந்த ஒரு குமாஸ்தாவுக்குக் கால் போய்விட்டது. கம்பிக்கயிறு தயாரிப்பிலேயே கோளாறு, மெக்கானிக் மேல் தப்பில்லை என்று விசாரித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் மனசு அப்படிச் சொல்லவில்லை. வேலைக்குப் போகாமல், குளிக்காமல், தட்டில் வைத்ததை அளைந்துகொண்டு அந்த மாடி அறையில் சுவரைப் பார்த்துக் கிடந்தான். அவனை எழுப்பி உட்கார வைத்தது தூண்டில்தான். முதல் கோப்பை வாங்கின மறுவாரம் வேலைக்குத் திரும்பினான். அதனால் அவனுக்கு அந்த ஏரி விளையாட்டு இல்லை, உயிர்.

கரையில் நிறுக்கும் மேஜையைச் சுற்றி நல்ல கூட்டம். தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒவ்வொரு மீனாக ஈரப்பைக்குள் போட்டுத் தராசில் மாட்டினார்கள். ஒற்றைக்கண்ணனைத் தூக்கியபோது ஜனம் கை தட்டியது. சிலர் விசிலே அடித்தார்கள்.

"அரிச்சந்திரரே, இதுக்கு ஒரு வருகைப் பதிவு போட்டுடுவோமா?" என்றார் சங்கத் தலைவர்.

அரிச்சந்திரன் என்பது லிஃப்ட்காரனுக்குச் சங்கம் வைத்த பெயர். அது வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஒரு ஜோடி மீன் வயிற்றுக்குள் ஈயக்குண்டைத் திணித்து எடை காட்டிப் பிடிபட்டது. அன்றிலிருந்து கோப்பை கொடுப்பதற்கு முன்னால் ஜெயித்த ஜோடியில் ஒருவர் பொய் கண்டுபிடிக்கும் மெஷினில் உட்கார்ந்தாக வேண்டும். யார் உட்காருவது என்பது ஜோடியின் இஷ்டம். அத்தானுக்கு ரத்தக்கொதிப்பு, மெஷின் தாறுமாறாகக் காட்டும் என்பதால் ஒவ்வொரு தடவையும் மைத்துனன்தான் உட்கார்ந்தான். ஒவ்வொரு தடவையும் கோடு ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டே இருந்தது. சந்தேகப்படவே பிறந்த இரண்டு மூன்று பேர் கூட அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டார்கள்.

தராசு முள் நின்றது. மற்ற எந்தப் படகும் பக்கத்தில் வரமுடியாத எடை. அத்தானைப் படம் பிடிக்கிறவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். லிஃப்ட்காரன் தொட்டி ஓரமாகக் குனிந்து, "வர்றேன்டா, அடுத்த வருஷம் பாப்போம்" என்று ஒற்றைக்கண்ணனிடம் விடைபெற்றான். வெயில் தொட்டிக்குள் நேராக விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அதன் மூக்கைப் பார்த்தான்.

மூக்கு நுனியில் செதிலும் தோலும் தேய்ந்து சிவந்திருந்தது. சரி, எங்கேயோ கல்லில் இடித்திருக்கும். பக்கத்து மீனைப் பார்த்தான். அதற்கும் அதே இடத்தில் அதே சிவப்பு. மூன்றாவதை வாலைப் பிடித்துத் திருப்பினான். நாலாவது. ஐந்தாவது. பக்கத்துப் படகுக்காரர்களின் தொட்டியை எட்டிப் பார்த்தான். அந்த மீன்களின் மூக்கெல்லாம் பிறந்த குழந்தைக்கு இருப்பது மாதிரி வழவழவென்று இருந்தது.

அவன் வாழ்நாளெல்லாம் தேய்மானம் பார்த்தவன். ஒரு கயிறு தேய்ந்திருந்தால் அது கயிற்றின் விதி. எல்லாக் கயிறும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் எதன் மேலேயோ உரசிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். ஏரியில் சுதந்திரமாகத் திரிகிற ஐந்து மீன் ஒரே மாதிரி எதில் போய் மூக்கை உரசும்? வெளியே போக வழி தேடி, நாள் கணக்காக முட்டி முட்டிப் பார்த்தால்தான் இப்படி ஆகும்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்து மண்டையில் இறங்கியது. போட்டிக்கு முந்தின வாரம் யாரும் ஏரியில் இறங்கக்கூடாது. தொட்டிப் படகைச் சரிபார்க்கிறேன் என்று அத்தானுக்கு மட்டும் அனுமதி உண்டு. போட்டி முடிந்து மீன்களை விடப்போகிறவரும் அவரே. விடுகிற இடத்தைப் போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை. லாரி அகல வாய். ஒற்றைக்கண்ணன் வராமல் போன அந்த ஒரு வருடம், 'வலை அறுந்துபோச்சு, புதுசு வாங்கணும்' என்று அத்தான் சாப்பாட்டு மேஜையில் அக்காவிடம் புலம்பியது. எந்த வலை என்று இவன் அன்றைக்குக் கேட்கவில்லை.

அத்தான் படம் பிடித்து முடிந்து, வண்டிகள் நிற்கிற பக்கம் படகைக் குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரன் போய்க் குழாயை மூடினான்.

"என்ன மாப்ள?"

"வளைவு வாயில வலை கட்டியிருக்கீங்களா?"

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அது ஒரு நொடிதான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். மறுக்கவில்லை. மறுத்திருந்தால் இவன் நம்பியிருப்பான், அதற்குத் தயாராகவே வந்திருந்தான்.

"மெதுவாப் பேசு. கயிறு தண்ணிக்கு ஒரு முழம் கீழ இருக்கும். படகு மேலயே போயிடும். உனக்குத் தெரியாம இருக்கணும்னுதான் இத்தனை நாள் பாடுபட்டேன்."

"அப்ப அதுங்க வெளிய போகவே முடியாதா?"

"போனா எப்படி வரும்? ஒரு வருஷம் வலை அறுந்து ஓடினதைத் தேடிப் பிடிச்சுக் கொண்டாறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

"இரை?"

"வருஷம் பூரா நான் போடுவேன். போட்டிக்கு முந்தின ஒரு வாரம் பட்டினி. பசியில எதைப் போட்டாலும் கவ்வும்." அத்தான் இதை இன்ஜின் விஷயம் விளக்குகிற அதே குரலில் சொன்னார். "இதுல உன் தப்பு எதுவும் இல்ல. நீ தூண்டில் போட்ட, மீன் மாட்டுச்சு. உனக்கு ஒண்ணும் தெரியாது. அதனாலதான் மெஷினும் ஒண்ணும் சொல்லல."

"அதனாலதான் என்னை உட்கார வச்சீங்க."

"வேற யாரை உட்கார வைக்கிறது? என்னையா?" என்று சிரிக்கப் பார்த்தார் அத்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

காற்று திரும்பினால் கெண்டை எந்தப் பக்கம் ஒதுங்கும். நிழல் நீளும்போது எவ்வளவு ஆழம். பல் டாக்டர் அதையெல்லாம் பேனாவால் உள்ளங்கையில் குறித்துக்கொண்டது லிஃப்ட்காரனுக்கு ஞாபகம் வந்தது. பட்டினி கிடந்த மீனுக்குக் காற்றாவது நிழலாவது. ரப்பர் செருப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாலும் வந்திருக்கும்.

"போலீஸ்ல சொல்லு, சங்கத்துல சொல்லு, நான் வேண்டாம்னு சொல்லல" என்றார் அத்தான். "ஆனா அதுக்கு முன்னாடி உங்க அக்காவை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ."

"அக்காவுக்கும் தெரியுமா?"

அத்தான் குழாயைத் திறந்து படகைக் கழுவ ஆரம்பித்தார்.

அக்கா மரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். தம்பி ஜெயித்தால் கட்டிக்கொள்ளப் புதுப்புடவை வாங்கி வைத்திருந்தாள், அதைக் கட்டிக்கொண்டேதான் வந்திருந்தாள். இவன் வந்து நின்ற நிலையைப் பார்த்ததும் கையில் இருந்த சுளையை மடியில் வைத்துவிட்டாள்.

"என்னடா?"

"எப்பலேருந்துக்கா?"

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் இவனுக்குத் தாங்கவில்லை. 'எது எப்பலேருந்து' என்று அவள் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

"உக்காரு" என்றாள். அவன் உட்காரவில்லை.

"நீ அந்த ரூமுக்குள்ள கிடந்த கோலம் உனக்குத் தெரியாது. பாத்த எனக்குத்தான் தெரியும். கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ள என்ன பாக்கப்போறேனோன்னு சாமியைக் கும்பிட்டுக்குவேன். நான்தான் அவரைக் கெஞ்சினேன், இவனைக் கூட்டிக்கிட்டுப் போங்கன்னு. போனே. ஏரிக்குப் போனே, வந்தே. மாசக்கணக்காப் போனே. ஒரு மீன் கிடைக்கல. 'இதுக்குக்கூட நான் லாயக்கில்லக்கா'ன்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா? மாடிப்படியில நின்னு சொன்னே."

ஞாபகம் இருந்தது.

"அன்னைக்குத்தான் அவர்கிட்ட சொன்னேன், போட்டி வருதே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இவன் ஜெயிக்கிற மாதிரி ஏதாவது பண்ணுங்கன்னு. அவருக்கு இஷ்டமே இல்ல. எனக்காகப் பண்ணாரு. கோப்பையோட நீ வீட்டுக்கு வந்தப்ப எப்படி இருந்தே தெரியுமா? மூணு தட்டு சோறு சாப்பிட்டே. நான் சமையல்கட்டுல நின்னு அழுதேன்டா."

"ஒரு தடவைன்னுதானே சொன்னே."

"மறுவருஷம் நீ வெறுங்கையோட வந்திருந்தா?" என்றாள் அக்கா. "அப்புறம் அவருக்கும் பட்டறை நல்லா ஓட ஆரம்பிச்சுடுச்சு. விட முடியல."

இதுவரை லிஃப்ட்காரன் கோபமாக இருந்தான். கோபம் ஒரு வசதியான விஷயம், நிமிர்ந்து நிற்க உதவும். அது இப்போது காலடியிலிருந்து நழுவியது. அவன் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டான்.

"அப்ப நானாப் பிடிச்ச மீன் ஒண்ணுகூட இல்லையாக்கா?"

அக்கா உண்மையிலேயே யோசித்தாள். பொய் சொல்லாமல் தம்பிக்கு ஆறுதலாக ஏதாவது தேடினாள்.

"இருக்கும்டா" என்றாள். "சின்னச் சின்னதா."

ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொன்னார்கள். மெஷினுக்கு வரச்சொன்னார்கள். அக்கா அவன் கையைப் பிடித்தாள். "நீ எதைச் சொன்னாலும் சரி. சொல்லிடணும்னு தோணினா சொல்லிடு" என்றாள். குரல் அப்படிச் சொன்னது, பிடி அப்படிச் சொல்லவில்லை. அவன் கையை விடுவித்துக்கொண்டு நடந்தான்.

நடக்கும்போது அவன் முடிவெடுத்துவிட்டிருந்தான், சொல்லிவிடுவது என்று. கோப்பை போகட்டும். பட்டறை படுக்கட்டும். ஊர் சிரிக்கட்டும். அவன் லிஃப்ட் அறுந்த அன்றைக்கே விசாரணையில் யாரும் கேட்காததையெல்லாம் தானாகச் சொன்னவன். சும்மா ஒன்றும் சங்கம் அவனுக்கு அரிச்சந்திரன் என்று பெயர் வைக்கவில்லை.

மெஷினைச் சங்கத்தின் சாமான் அறையில் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. மறுபக்கம் மிதவைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. அறை பூரா ஈர ரப்பர் வாடை. மெஷினை இயக்குகிறவளுக்கு மெஷின் அம்மா என்றே பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற போலீஸ்காரி, கறாரானவள், ஆனால் இவனைக் கண்டால் மட்டும் சிரிப்பாள்.

"வாங்க அரிச்சந்திரன். சம்பிரதாயத்தை முடிச்சிடுவோம். எனக்கும் பசிக்குது."

நெஞ்சில் பட்டையைக் கட்டினாள். விரல்களில் ஒயரை மாட்டினாள். கையில் ரத்த அழுத்தத் துணியைச் சுற்றிக் காற்று அடித்தாள். வழக்கம்போல எல்லாக் கேள்வியையும் முதலில் ஒரு தடவை படித்துக் காட்டினாள். ஆமாம் இல்லை என்று மட்டும்தான் பதில். மெஷினைப் பழக்கப்படுத்த இரண்டு மூன்று சாதாரணக் கேள்வி, அதற்கு மதிப்பெண் கிடையாது. அப்புறம் விஷயம்.

உங்களுக்கோ உங்கள் கூட்டாளிக்கோ தெரிந்து ஏதாவது விதி மீறப்பட்டதா? இதுதான் விஷயம். இதற்கு ஆமாம் என்று சொன்னால் போதும். அப்புறம் விளக்கம் கேட்பார்கள். சொல்லவேண்டியதுதான்.

விளக்கம் என்றதும் அவனுக்கு மனசில் விசாரணை மேஜை ஒன்று தெரிந்தது. தலைவர், பல் டாக்டர், வங்கி அதிகாரி. திருட்டை அவர்களிடம் சொல்லிவிடலாம், அதில் ஒன்றும் கஷ்டமில்லை. திருட்டு என்றால் யாராவது சட்டையைப் பிடிப்பார்கள், அடிப்பார்கள், அதைத் தாங்கலாம். ஆனால் எதற்காக என்று கேட்பார்களே. இவன் மாடி அறையில் சுவரைப் பார்த்துக் கிடந்ததையும், அக்கா புருஷனைக் கெஞ்சியதையும், குழந்தைக்குப் பொம்மை கொடுக்கிற மாதிரி பட்டினி போட்ட மீனைக் கையில் கொடுத்ததையும் சொல்லவேண்டுமே. அதைக் கேட்டு அவர்கள் கோபப்பட மாட்டார்கள். பல் டாக்டர் இவன் தோளைத் தட்டுவார். போகட்டும் பாவம் என்பார் தலைவர். ஒருவருக்கொருவர் கண் ஜாடை காட்டிக்கொள்வார்கள். வகுப்பில் அவன் பேசாமல் நின்ற அந்த ஒரு நிமிஷத்தை ஆளாளுக்கு நடித்துக் காட்டுவார்கள்.

"ஆரம்பிக்கலாமா?"

"ம்."

"உங்க தொழில் லிஃப்ட் மெக்கானிக்?"

"ஆமாம்."

"நீங்க நல்ல மீன்பிடிக்காரரா?"

ஒவ்வொரு வருடமும் அவள் இதைக் கேட்பாள். அவனைச் சிரிக்க வைப்பதற்காகவே கேட்பாள்.

"ஆமாம்" என்றான்.

"இன்னைக்கு மேஜைக்கு வந்த மீனெல்லாம் தூண்டில் போட்டுப் பிடிச்சதுதானே?"

"ஆமாம்."

"உங்களுக்கோ உங்க கூட்டாளிக்கோ தெரிஞ்சு ஏதாவது விதி மீறப்பட்டிருக்கா?"

வெளியே யாரோ ஒலிபெருக்கியை ஊதிப் பார்த்தார்கள். தொங்கிக்கொண்டிருந்த மிதவைச் சட்டைகளில் ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. உள்ளங்கை வேர்க்கவில்லை. உடம்புக்குள் யாரோ சுவிட்சை அணைத்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

"இல்லை."

மெஷின் அம்மா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒயர்களைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"எல்லாம் சுத்தம். உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த மெஷினைக் காயலான் கடையில போட்டுடலாம்" என்றாள். அப்புறம் சிரித்தாள். "ஆனா ஒரு வேடிக்கை. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் கோடு எகிறிடுச்சு. இத்தனை வருஷத்துல இப்பதான் பாக்கறேன்."

"எதுக்கு?"

"நல்ல மீன்பிடிக்காரரான்னு கேட்டேன்ல, அதுக்கு. ஆமாம்னு சொல்றதுக்கே உங்களுக்கு இவ்வளவு கூச்சமா? பெரிய ஆளுங்க எல்லாம் இப்படித்தான்." துணியிலிருந்து காற்றை இறக்கினாள். "கவலைப்படாதீங்க, அதுக்கு மதிப்பெண் கிடையாது."

அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். அக்காவும் அத்தானும் சுவரோரமாக நின்றிருந்தார்கள். அத்தான் தொட்டிப் படகின் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். மெஷின் அம்மா பின்னாலேயே வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பாஸ்!" என்றாள். கூட்டம் ஓவென்று கத்தியது.

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகம் மலர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாமி" என்று அவன் கன்னத்தைத் தொட்டாள். தம்பி பொய் சொல்லிவிட்டானே என்று ஒரு துளி வருத்தம் அதில் இருக்குமா என்று அவன் தேடிப் பார்த்தான். இல்லை. மூணு தட்டு சோறு சாப்பிட்ட அன்றைக்கு எப்படி இருந்திருப்பாளோ அப்படியே இருந்தாள்.

அத்தான் அவன் பக்கம் நெருங்கி, "மாப்ள, இதோட விட்டுடுவோம். உன்மேல சத்தியமா இதோட விட்டுடுவோம். வலையை இன்னைக்கே அறுத்து எறிஞ்சிடறேன்" என்றார். அவர் கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது. மனசாரத்தான் சொன்னார்.

மேடையில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். பல் டாக்டர் முன்வரிசையில் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

"வலை இருக்கட்டும்" என்றான் லிஃப்ட்காரன். "ஒத்தக்கண்ணனை மட்டும் நெஜமாவே விட்டுடுங்க அத்தான். திரும்பத் திரும்ப ஒரே மீன் வந்தா எவனாவது யோசிப்பான். அடுத்த வருஷத்துக்கு அடையாளம் இல்லாததாப் பாருங்க. மூக்குல ஏதாவது மருந்து தடவ முடியுமான்னும் விசாரிங்க."

சொல்லிவிட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு மேடைக்குப் போனான். அத்தான் சாவியை உருட்டுவதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். அக்கா மேடையைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. தம்பி நின்றிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.